ஒன்பதாம் ஆணி

சாவிப் பலகையில் பதினான்கு ஆணி.
சனிக்கிழமை, மணி பதினொன்று,
பதின்மூன்றிலும் சாவி தொங்குகிறது.
போன வருஷம் இந்நேரம் பலகை மொட்டையாய் நிற்கும்;
"எந்த ஓட்டை வண்டியானாலும் சரிக்கா" என்று
பெங்களூர்ப் பையன்கள் படியில் காத்துக் கிடப்பார்கள்.

புஸ்ஸி வீதியில் எதிர்க்கடை ஷட்டரில்
'வாடகைக்கு' என்று ஒரு தாள்.
அதன்மேல் இன்னொரு 'வாடகைக்கு', தொகை குறைத்து.
பக்கத்து லாட்ஜில் லெயோன் அண்ணன்
ஏசி அறையை ஏசி இல்லாத விலைக்குக் கொடுக்கிறார்,
அதற்கும் ஆளில்லை.
நான் வாரம் ஒருமுறை ஹெல்மெட்டுகளைக் கழுவுகிறேன்,
யார் தலையும் படாத ஹெல்மெட்டுகளை,
ஷாம்பு போட்டு, வாசலில் வரிசையாய்க் கவிழ்த்து.
போகிற வருகிறவர்களுக்குக் கடை நடக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்பதாம் ஆணி வேறு கதை.
ஆடி மாசம், ஒரே ஒரு நாளைக்கு என்று எடுத்துப்போனான்.
ஈடாக வைத்த லைசென்ஸ் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.
"பேரும் பொய், ஊரும் பொய்" என்றார்கள் ஸ்டேஷனில்.
"போட்டோ?" என்றேன்.
"போட்டோ நிஜமா இருக்கலாம்" என்று
ரைட்டர் என் புகாருக்கு நம்பர் போட்டார்.

ஐப்பசியில் அந்த வீடியோ வந்தது.
பன்னிரண்டு விநாடி. கடற்கரைச் சாலைக்குப் பின்தெரு,
விளக்கு எரியாத கம்பம்,
ஐஸ்கிரீம் தின்றபடி நடக்கிற பெண்,
ஸ்கூட்டரில் இரண்டு பேர்.
பை போகிறது. பையோடு அவளும் நாலடி போகிறாள்.
ஐஸ்கிரீம் மட்டும் இருந்த இடத்திலேயே விழுகிறது.

நாத்தனார் அனுப்பினாள். பால்காரர் அனுப்பினார்.
குடும்பக் குரூப், சர்ச் குரூப், வண்டிக்காரர் சங்கத்துக் குரூப்.
ஐதராபாத்திலிருந்து நாலு வண்டி சொல்லி வைத்தவன்
அதையே அனுப்பி, கீழே
'கேன்சல், அட்வான்ஸ் திரும்ப வேண்டும்' என்றான்.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.
நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன்.
உடைந்த கால்மிதியில் நீல நைலான் கயிறு,
இரண்டு சுற்று, ஒரு முடிச்சு,
பல்லால் கடித்து அறுத்த நுனி.
என் பல்.
மெக்கானிக்குக்கு நானூறு மிச்சம் பிடிக்க
நானே கட்டியது.

எடுத்துப்போய்க் காட்டினேன்.
ரைட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"கயிறு எல்லா வண்டியிலயும்தான் இருக்கும்மா."
இருக்கலாம்.
அதற்கப்புறம் ஆள் வரவில்லை என்று
ஊரைத் திட்ட எனக்கு வாய் எழும்பவில்லை.

இன்று நாலு மணிக்கு ஒருத்தி வந்தாள், தனியாக.
மூன்றாம் நம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்,
டயரை அமுக்கினாள், பிறகு மெதுவாக,
"ராத்திரி பீச் பக்கம் போலாம்ல?"

ஆறு மணிக்குத் தடுப்புப் போடுவார்கள், வண்டி விடமாட்டார்கள்,
கூட்டம் இருக்கும், சுண்டல் சூடாய் இருக்கும் என்றேன்.
அவள் கேட்டது அதுவல்ல என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
நானூற்றைம்பது ரூபாய் மேசையில் இருந்தது.
பக்கத்திலேயே கரண்ட் பில் இருந்தது.
"போலாம்" என்றேன்.

படி இறங்கியவள் பின்னாலேயே ஓடி,
"பின்தெருவுல வண்டிய விடாத,
வெளிச்சத்துல நிறுத்து" என்றேன்.
"ஏன்க்கா?"
"போலீஸ் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

ஒன்பதுக்கு மூடுகிற கடையை மூடவில்லை.
காய்ந்த ஹெல்மெட்டுகளை மறுபடி துடைத்தேன்.
பத்தே காலுக்கு வந்தாள், தலையெல்லாம் உப்புக்காற்று.
பெட்ரோல் நான் சொன்ன அளவு இல்லை என்று சண்டைக்கு நின்றாள்.
சொன்ன அளவு இருந்தது.
முப்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.
இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போடமாட்டாளா
என்று இருந்தது.